நிறைவுறாத இசைத்தொகுப்பு

பாரதியாரின் ‘சந்திரிகையின் கதை’ முற்றுப்பெறாமைக்குக் காரணம், 1921இல் அவரைக் கவர்ந்துசென்ற மரணம். உயிரோடிருக்கும் கலைஞரே தம் படைப்பைக் கைவிடுவதற்குக் காரணம் வேறு.

அமெரிக்கப் பாடகர் சாக் டி லா ரோச்சா, 2000ஆம் ஆண்டு அக்டோபரில் ‘ரேஜ் அகென்ஸ்ட் தி மெஷின்’ குழுவிலிருந்து விலகினார். டி.ஜே. ஷேடோ, டிரெண்ட் ரெஸ்னர் முதலிய இசைவல்லுநர்களோடு தனித்தொகுப்புக்கெனப் பாடல்களை உருவாக்கினார். ஈராக்கியப் போரைக் கண்டித்து 2003இல் ஒரு பாடல் இணையத்தில் இலவசமாக வெளிவந்தது. திட்டமிட்ட தொகுப்போ வெளிவரவே இல்லை.

குழுவில் இருக்கும்போது, “இது போதும்” என்று சொல்லத் தோழர்கள் இருப்பர். தனித்து நிற்பவருக்கோ பாடுபவரும் தாமே. குறை காண்பவரும் தாமே. அதனாற்றான் பணி முடிவதில்லை என்று எண்ணுகிறேன்.

சிராங்கூன் சாலைக் கடைகளில் ஒலிநாடாக்கள் விற்ற காலத்தில், சிங்கப்பூரின் திருமண மேடைகளில் பாடிவந்த நண்பர் ஒருவர், சொந்தப் பாடல்களைப் பதிவுசெய்யத் தம் குழுவை விட்டு நீங்கினார். நான்கு பாடல்கள் பதிவாயின. ஐந்தாவது இன்னும் பாடப்படவில்லை. “அந்த நான்கையாவது மாணவர்கள் கேட்கட்டுமே, ஐயா” என்று பலமுறை வேண்டினேன். “இன்னும் செம்மை கூடவில்லை” என்கிறார். பெட்டிக்குள் இருக்கும் நாடாவோ ஆண்டுக்காண்டு ஒலி மங்கிவருகிறது.