வயதா, ஓட்டமா?

வன்னியில் கணவனை இழந்து இரத்தினபுரித் தோட்டத்துக்குத் திரும்பிய என் தங்கை, வாடகைக்கு ஓட்டப் பழைய ஹைபிரிட் கார் வாங்க விரும்பினாள். கையில் இருந்தது சீட்டுப் பணமும் அடகு வைத்த நகையும்தான். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின் பழைய கார்களும் விலை ஏறியிருந்தன.

2012ஆம் ஆண்டு டொயோட்டா அக்குவா ஒன்று குறைவாகவே ஓடியிருந்தது. 2015ஆம் ஆண்டுக் காரோ அதைப்போல் இரு மடங்கு ஓடியிருந்தது. விலை ஏறக்குறைய ஒன்றே. நாங்கள் இரண்டாவதையே எடுத்தோம்.

மீற்றரைக் குறைத்துக் காட்டலாம். பதிவுப் புத்தகத்தில் உள்ள ஆண்டை அப்படி மாற்றுவது எளிதல்ல. ஹைபிரிட் பற்றரி, கார் ஓடாமல் நின்றாலும் வலுவிழக்கும். வெப்பம் அதை விரைவுபடுத்தும்.

சகோதரிகளே, சேர்விஸ் பதிவுகளைக் கேளுங்கள். பற்றரியைக் கணினியில் சோதித்துப் பாருங்கள். புதிய பற்றரிக்கென்று ஒரு தொகையை ஒதுக்கிவிட்டே விலை பேசுங்கள்.