எல்லை நகர்ந்த ஊர்

தென்காசியிலிருந்து செங்கோட்டைக்குப் பஸ்ஸில் வந்தால், "பார்டர்லாம் எறங்கு" என்று கண்டக்டர் குரல் கொடுப்பார். பிரானூர் பார்டர். சின்ன வயதில் எனக்கு அது பரோட்டாக் கடைகள் இருக்கிற இடம், அவ்வளவுதான். "அதுக்கு மேக்க பூராவும் மகாராஜா சீமைதாம்ல" என்று ஆச்சி சொன்ன பிறகே பெயரின் பொருள் புரிந்தது. அவளுடைய பெட்டிக்கு அடியில் திருவிதாங்கூர்ச் சக்கரம் நாலைந்து கிடந்தன. 28 சக்கரம் சேர்ந்தால் அந்தச் சீமையில் ஒரு ரூபாய்.

1904-இல் மலையைக் குடைந்து கொல்லத்துக்கு ரயில் விட்டபோது, கிழக்கேயிருந்து வருகிறவர்களுக்குச் செங்கோட்டைதான் சமஸ்தானத்தின் முதல் ஸ்டேஷன். இந்த ஊர் வாஞ்சிநாதன் வேலை பார்த்தது புனலூர் வனத்துறையில். அன்றைக்கு இரண்டும் ஒரே சீமை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி செங்கோட்டைத் தாலுகாவில் ஒரு பகுதி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஊருக்குக் கிழக்கே கிடந்த எல்லை, ஊரைத் தாண்டி மேற்கே மலைக்குள் போய்விட்டது. ஸ்டேஷன் இருந்த இடத்திலேயே இருந்தது.

அத்தை புனலூரில் வாழ்க்கைப்பட்டவள். மீட்டர்கேஜ் வண்டியில் பூக்கூடைகளுக்கும் காய்கறி மூட்டைகளுக்கும் நடுவே ஆச்சியோடு போவேன். பகவதிபுரம் தாண்டி வண்டி குகைக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் கூச்சல் போடுவோம். வெளியே வந்தால் கேரளம். தமிழில் தொடங்கிய ஊர்க்கதை ஆரியங்காவு வருவதற்குள் மலையாளமாகியிருக்கும். பேசுகிறவர்கள் அதே ஆட்கள்தான்.

2010-இல் அகலப்பாதைக்காக அந்த வண்டியை நிறுத்தினார்கள். மலைப்பாதை வளைவுகளில் பஸ் ஏறினால் ஆச்சிக்குத் தலை சுற்றும். மகள் வீட்டுக்குப் போவது நின்றது. சமஸ்தானம் போனபோதும் மாநிலம் மாறியபோதும் பிரியாத தாயும் மகளும், தண்டவாளம் இல்லாமல் பிரிந்தார்கள். கோடு போட்டால் மனிதர் தாண்டிவிடுவார். வழியை எடுத்துவிட்டால் என்ன செய்வார்?

2018-இல் ரயில் திரும்பி வந்தது. ஆச்சி அப்போது இல்லை. சாரல் தெறிக்கும் பிளாட்பாரத்தில் நின்றிருந்தேன். ஏற்றம் கடுமை என்பதால் வண்டிக்குப் பின்னாலும் ஒரு என்ஜின் மாட்டிக்கொண்டிருந்தார்கள். சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அத்தைக்குக் கொடுக்க ஆச்சியின் சக்கரம் ஒன்று இருந்தது.