கொடிக்கால் ஓரத்துப் பூங்கறி

பரமத்தி வேலூரில் இருந்து காவிரிக்கரையை ஒட்டி மோகனூர் பக்கம் போனால், வாழையும் வெற்றிலைக் கொடிக்காலும் மாறி மாறி வரும். கொடிக்காலுக்குள் நுழைந்துவிட்டால் வெயிலே உறைக்காது. தலைக்கு மேலே அகத்தி. கொடி ஏறுவதற்காக முதலில் விதைப்பது இதைத்தான். தழை ஆட்டுக்கு, கீரை வீட்டுக்கு. பூவைத்தான் கண்டுகொள்ள ஆளில்லை. உதிர்ந்து மண்ணோடு போகிறது.

அகத்திப்பூ கசக்கும் என்பது பாதிதான் உண்மை. நடுவில் இருக்கும் தண்டைக் கிள்ளிவிட்டால் கசப்பு பெருமளவு குறையும். சின்ன வெங்காயம், மிளகாய், தேங்காய்த்துருவல் போட்டு வதக்கினால் ஐந்து நிமிடத்தில் பொரியல்.

வாழைப்பூவின் கதை வேறு. கடைசிச் சீப்பு விரிந்ததும் பூவை ஒடித்துவிட வேண்டும். விட்டுவைத்தால் காய்க்குப் போகிற சத்தை அது இழுத்துக்கொள்ளும். ஒடித்தால் தாரும் திரளும், சந்தைக்குச் சரக்கும் ஆச்சு. ஆனால், ஒவ்வொரு பூவிலும் நரம்பையும் கண்ணாடி போன்ற செதிலையும் எடுத்து, கறுக்காமல் இருக்க மோரில் போட வேண்டும். டவுன்காரர்கள் வாங்கத் தயங்குவது இந்த வேலைக்குப் பயந்துதான். ஆய்ந்து பொட்டலம் கட்டிக் கொடுத்தால் கூடுதல் விலை கேட்கலாம்.

ஒன்றில் மட்டும் கறாராக இருக்க வேண்டும். இலைப்பேனுக்காக மொட்டில் ஊசி மருந்து போட்ட வாழையின் பூ, சமையலுக்கு ஆகாது. வெற்றிலைக்கு மருந்து தெளித்த கொடிக்காலின் அகத்திப்பூவையும் உடனே பறிக்கக் கூடாது. மருந்து டப்பாவில் போட்டிருக்கும் காத்திருப்பு நாட்கள் அதில் குறிப்பிட்ட பயிருக்குத்தான்; அகத்திப்பூவுக்கும் அது போதும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.