தெரியவில்லையா, சொல்லத் தெரியவில்லையா?

கேரளத்தின் சித்தூர் தாலுகாவில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி பக்கமும், இடுக்கியில் தேவிகுளம், பீர்மேடு எஸ்டேட்டுகளிலும் ஒன்றாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் பலருக்கு வீட்டில் தமிழ்தான். அவர்களில் கணிசமானோரைப் பெற்றோர் மலையாள வழி வகுப்பில் சேர்க்கிறார்கள். மேல்படிப்பு, வேலை என்று யோசிக்கிற பெற்றோரை அதற்காகக் குறை சொல்ல முடியாது. அந்தப் பிள்ளை என்ன கற்றிருக்கிறது என்று நாம் கணிக்கும் விதம்தான் கோளாறு. பன்னிரண்டு மாங்காயில் ஐந்தை எடுத்தால் மிச்சம் எத்தனை என்று மலையாளத்தில் அச்சிட்ட தாளைப் பார்த்து விழிக்கிற பிள்ளை, அதையே வீட்டுப் பேச்சில் கேட்டால் விரலை மடக்கி ஏழு என்று சொல்லிவிடக்கூடும். கழித்தல் தெரியுமா, மலையாளம் வாசிக்கத் தெரியுமா என்ற இரண்டு கேள்விகளை ஒரே தாளில் கேட்டு ஒரே மதிப்பெண் போடுகிறோம். எதில் சறுக்கியது என்று அந்த மதிப்பெண் சொல்லாது.

பிழைகளைக் கூர்ந்து பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். மலையாளத்தில் க, ச, ட, த, ப ஒவ்வொன்றுக்கும் நான்கு எழுத்துகள் கொண்ட வரிசை உண்டு, தமிழில் ஒரே எழுத்துதான். குரு, பலம், தனம் என்ற மூன்று சொற்களும் அங்கே வரிசையின் முதல் எழுத்தில் அல்ல, பின்னால் வரும் எழுத்துகளில் தொடங்குகின்றன. தமிழ் வீட்டுப் பிள்ளை மூன்றையும் வரிசையின் முதல் எழுத்தால் எழுதி வைத்தால் சிவப்பு மையில் மூன்று சுழி விழும். உண்மையில் நடந்தது ஒரே பிழை, அதுவும் ஒழுங்கான பிழை. அதற்கு வேண்டிய பயிற்சியும் ஒன்றுதான். பக்கத்தில் இன்னொரு பிள்ளை எழுத்தை விடுகிறது, வரிசை மாற்றுகிறது, தமிழில் கேட்டாலும் தடுமாறுகிறது என்றால் காதையும் கண்ணையும் சோதிக்க வேண்டும், கற்றல் குறைபாடு உண்டா என்றும் பார்க்க வேண்டும். "தமிழ்ப் பிள்ளைதானே, போகப் போக வந்துவிடும்" என்ற சமாதானத்தில் அதிகம் பாதிக்கப்படுவது இந்த இரண்டாவது பிள்ளைதான். வீட்டு மொழியில் கேட்டுப் பார்ப்பதைச் சலுகை என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்க நேரம் ஏது என்பார்கள். 2005 முதல் நடக்கும் அசர் (ASER) என்ற கல்விக் கணக்கெடுப்பு எழுத்து, சொல், பத்தி, கதை என்று படிப்படியாக ஒரு பிள்ளையை வாசிக்கச் சொல்லிச் சில நிமிடங்களில் நிலையை அறிந்துவிடுகிறது. தமிழ்நாடு 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைபிரித்தே கற்பிக்கிறது. (பெயர் எத்தனை அழகாக இருந்தாலும், யார் எந்தக் கூட்டம் என்பது பிள்ளைகளுக்கு இரண்டே நாளில் தெரிந்துவிடும், கணிக்கும் முறையை எடுத்துக்கொண்டு பெயரை விட்டுவிடலாம்.) கேரளத்தில் 2017 சட்டப்படி மலையாளம் கட்டாயம், ஆகவே மலையாளத்திலேயே சோதிப்பதுதான் நியாயம் என்ற வாதமும் உண்டு. மலையாளம் கற்பிக்க வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் பிள்ளையிடம் ஏற்கெனவே இருப்பது என்ன என்று தெரியாமல் அதை எங்கிருந்து தொடங்குவது? 2009 கல்வி உரிமைச் சட்டமும், இயன்றவரை தாய்மொழிக் கல்வி, அச்சமில்லாத தொடர் மதிப்பீடு, இரண்டையும் ஒரே பிரிவில்தான் வைத்திருக்கிறது.

உண்மையான தடை வேறு: தமிழ் தெரியாத ஆசிரியர் தமிழில் கேட்க முடியாது. காசர்கோட்டில் கன்னடப் பெற்றோர் போராடியதும் கன்னடம் தெரியாத ஆசிரியர் என்ற இதே போன்ற குறைக்காகத்தான். தமிழ் பேசும் நாமும் கொஞ்சம் அடக்கமாக இருக்க வேண்டிய இடம் உண்டு. அட்டப்பாடியின் இருளர், முடுகர், குறும்பர் பழங்குடிப் பிள்ளைகளையும் இடமலைக்குடியின் முதுவர் பழங்குடிப் பிள்ளைகளையும், பேச்சு நம் காதுக்குப் பழகியதாகப் படுவதால், தமிழ்க் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். பாடநூல் தமிழில் அவர்களைச் சோதிப்பது, மலையாளத் தாளை நம் பிள்ளைகளிடம் நீட்டுவதற்குச் சமம். கேள்வி கேட்கும்போது அந்தந்த ஊரிலிருந்தே, அந்தப் பேச்சைப் பேசும் ஒருவர் ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். வினாத்தாள் அச்சடிப்பதற்கு முன்னால் அவருடைய சம்பளத்துக்குப் பணம் ஒதுக்கலாம்.