பொயின்ற் வைக்கத் தெரிந்த கைகள்

யூன் 8, ஞாயிறு

மட்டக்களப்புக் கல்லடியில் காலை எட்டு மணிக்கே வண்டிகள் சேர்ந்துவிட்டன. ஹொண்டா சீ.டி. 90தான் அதிகம். ஜப்பான் தபால்காரர்களுக்கென்றே செய்யப்பட்ட சிவப்பு எம்.டி. 90 ஒன்று, பழைய யமஹா ஒன்று, ஆரையம்பதியிலிருந்து ஒரு ராயல் என்ஃபீல்ட். எங்களுக்குச் சங்கம் இல்லை, தலைவர் இல்லை, சந்தா இல்லை. ஞாயிறு என்றால் வருவோம். தேத்தண்ணி குடிப்போம். யாருடைய வண்டிக்கு வருத்தமோ அதைச் சுற்றிக் குந்திக்கொள்வோம்.

இன்று வருத்தம் காத்தான்குடித் தம்பி ஒருவரின் சீ.டி. 90க்கு. காலையில் நன்றாக ஓடும். ஐந்தாறு கிலோமீற்றர் போனதும் இழுவை குறையும், எஞ்சின் கண்டபடி சூடாகும், சைலன்சரில் வெடி கேட்கும். புது பிளக் போட்டிருக்கிறார், காபரேற்றரை இரண்டு இடத்தில் கழுவுவித்திருக்கிறார். எல்லோரும் காக்கா என்று அழைக்கும் பெரியவர் காபரேற்றர் பக்கம் திரும்பவே இல்லை. "பொயின்ற் கடசியா எப்ப பாத்த?" என்று மட்டும் கேட்டார். தம்பியிடம் பதில் இல்லை.

பொயின்ற் என்பது திறக்கும்போது பிளக்கில் தீப்பொறியைக் கிளப்பும் தொடுமுனை. இந்த எஞ்சினில் அது இருப்பது சிலிண்டர் ஹெட்டின் இடப்பக்கம், கேம் தண்டின் நுனியில். காக்கா அந்தச் சின்ன மூடியையும் கீழே மெக்னெற் மூடியையும் கழற்றினார். சிகரட் பெட்டிக்குள் இருக்கும் மெல்லிய கடதாசியில் ஒரு கீற்றுக் கிழித்து, மூடியிருந்த பொயின்றுக்கு நடுவே செருகினார். ஒரு கையால் மெக்னெற்றை மெதுவாகச் சுற்றினார், மறு கையால் கடதாசியை லேசாக இழுத்துப் பிடித்தார். கடதாசி விடுபடும் கணத்தில்தான் பொயின்ற் திறக்கிறது. அந்தக் கணத்தில் மெக்னெற்றில் உள்ள 'எஃப்' கோடு எஞ்சின் உடம்பில் உள்ள கோட்டுக்கு நேரே நிற்க வேண்டும். தம்பியின் வண்டியில் கோடு தாண்டிப் போன பிறகுதான் கடதாசி வழுகி வந்தது. தீப்பொறி பிந்துகிறது. அதனால் சூடு, அதனால் வெடி.

காரணத்தையும் காட்டினார். கேமில் உரசும் பொயின்றின் குதி தேய்ந்து கிடந்தது. அந்த இடத்தில் கிறீஸ் இட ஒரு சிறு கம்பளித் துண்டு இருக்கும். அது காய்ந்து மரக்கட்டையாகிவிட்டது. பொயின்றை அராவி, இடைவெளியை 0.35 மில்லிமீற்றருக்கு வைத்து, கம்பளித் துண்டில் நகக்கண் அளவு கிறீஸ் பூசினார். பிறகு செய்ததுதான் எனக்குப் பெரிது. எல்லாவற்றையும் மறுபடி கலைத்துவிட்டு, "இப்ப நீ வை. நான் பாக்கிறன்" என்றார். தம்பி வைத்து முடிக்க வெயில் ஏறிவிட்டது. ஒருவரும் எழும்பிப் போகவில்லை.

யூன் 22, ஞாயிறு

புதிதாக வந்த ஒரு பொடியன் கேட்டான்: "இந்தப் பழசுகளோட ஏன் இந்தப் பாடு?" கேள்வி நியாயமானது. ஆளாளுக்குச் சொன்ன பதில்களை எழுதி வைக்கிறேன்.

முதல் பதில் அண்மைக்காலம். இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்கள் மறுபடி வரத் தொடங்கியது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து வருடங்களும் நாட்டில் இருந்ததை வைத்துத்தான் ஓடினோம். 2022இல் பெற்றோல் வரிசை கல்லடிப் பாலம்வரை நீண்டது, கியூ.ஆர். அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர். அந்த நான்கு லீற்றரில் ஒரு வாரம் வேலைக்குப் போய் வரக்கூடிய வண்டியாக, கொட்டிலில் கிடந்த தொண்ணூறு சீ.சீ.களைத்தான் பலர் தூசு தட்டி எடுத்தார்கள். உதிரிப்பாகம் கடையில் இல்லை. லேத் பட்டறைக்காரரும் பழைய மெக்கானிக்குகளும்தான் கைகொடுத்தார்கள்.

இரண்டாவது பதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கே கல்யாணம் கட்டிய மாமா சொன்னது. 1990இல் போர் மறுபடி மூண்டு வடக்குக்குப் பெற்றோல் தடைப்பட்டதும், அங்கே கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிரில் எளிதாக ஆவியாகாது, ஆகவே குளிர்ந்த எஞ்சின் அதில் பற்றாது. சின்னப் போத்தலில் பத்திரப்படுத்திய பெற்றோலைச் சில துளி காபரேற்றருக்குள் விட்டு ஸ்ரார்ட் எடுப்பார்கள். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். இடிக்காமல் ஓட, ஹெட்டுக்குக் கீழே இன்னொரு கஸ்கெற் வைத்து அழுத்தத்தைக் குறைப்பார்கள். எரியாத மண்ணெண்ணெய் ரிங் வழியாக இறங்கி ஒயிலை நீர்க்கச் செய்யும். அதனால் ஒயிலை அடிக்கடி தொட்டுப் பார்ப்பார்கள். "விரல்ல பிசுபிசுப்பு இல்லையெண்டா மாத்து, இல்லாட்டி கிராங்க் போகும்" என்றார் மாமா. அந்த வண்டிகளின் கைநூலில் இந்தப் பாடம் இல்லை. ஒரு சனம் தானாகச் சோதித்து, தானாகத் திருத்தி, பக்கத்து வீட்டுக்குச் சொல்லிக் கொடுத்த அறிவு இது.

இந்தப் பதில்களைக் கேட்டபோது இங்கிலாந்து ஞாபகம் வந்தது. அங்கே பழைய மோட்டார் சைக்கிள் பிரியர்கள் சிலர் ஒரு கழகமாகக் கூடியது 1946 ஏப்ரலில், சரே மாவட்டத்தின் ஹொக்ஸ் பாக் மேட்டில். போர் முடிந்த மறு வருடம், பழைய வண்டிகள் காயலான் கடைக்குப் போய்விடக்கூடாது என்ற பிரியம் அவர்களைச் சேர்த்தது. எங்களைச் சேர்த்தது தட்டுப்பாடு. பிரியம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது, இப்போது அதைப் பிரித்தெடுக்க முடியாது.

யூலை 6, ஞாயிறு

இன்று வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையை விட்டு மேற்குக் கரையான படுவான்கரைக்குப் போனோம். மண்முனைப் பாலம் 2014இல் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைக்குப் போவது லேசு. ஆனால் நாங்கள் தேடிப் போனது மண்டூர்ப் பக்கம். அதற்குக் குருமண்வெளித் துறையில் பாதை எனும் மிதவையில் ஏறினோம். வண்டிகளை நெருக்கி நிறுத்தி, ஸ்ராண்டைப் போட்டு, ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு வாவியைக் கடந்தோம்.

போன இடத்தில் ஒரு பிரித்தானிய பீ.எஸ்.ஏ. பன்ரம் இருக்கிறது. 123 சீ.சீ., இரண்டு ஸ்ரோக். பன்ரம் 1948இல் வெளிவந்தது. அதன் வடிவம் ஜேர்மனியின் டீ.கே.டபிள்யூ. ஆர்.ரீ. 125, தோற்ற நாட்டிடமிருந்து போர் இழப்பீடாகப் போன வரைபடம். யமஹாவின் முதல் வண்டியான 1955இன் வை.ஏ. 1உம் அதே ஜேர்மன் வண்டியைப் பார்த்துச் செய்ததுதான். எங்களோடு வந்த யமஹாவும் அந்தப் பன்ரமும் பக்கத்தில் பக்கத்தில் நின்றபோது, ஒரே பாட்டனின் பேரப்பிள்ளைகள் வெகுகாலத்துக்குப் பிறகு ஒரு முற்றத்தில் சந்தித்ததுபோல இருந்தது.

வண்டிக்காரப் பெரியவர் உழவு மெசின் திருத்தியே ஆயுளைக் கழித்தவர். எங்களில் ஒருவர் 14ஆம் நம்பர் ஸ்பனரோடு நட்டைக் கிட்டியதும் கையைப் பிடித்துவிட்டார். "மனே, இது அங்குல வண்டி. அத வச்சியெண்டா நட்டுட மூலை போயிரும்." பழைய பிரித்தானிய வண்டிகளுக்கு விட்வேர்த் அளவு ஸ்பனர் வேண்டும். கால் அங்குல விட்வேர்த்தின் வாய் 13.3 மில்லிமீற்றர், 13 நுழையாது, 14 வழுகும். அந்த ஸ்பனர்களைச் சாக்கில் சுற்றி, ஒயில் பூசி, பெட்டகத்துக்குள் வைத்திருக்கிறார்.

பன்ரத்தின் குறை, அக்சிலேற்றரை விட்டாலும் எஞ்சின் இரைச்சல் இறங்காதது. இரண்டு ஸ்ரோக்கில் கிராங்க் அறைதான் பெற்றோல் கலவையை உறிஞ்சி மேலே தள்ளுகிறது. அங்கே காற்று ஒழுகினால் கலவை மெலியும், எஞ்சின் கட்டுக்குள் நிற்காது. கிராங்க் சீல் இறுகிக் காய்ந்திருக்கும் என்றார். சீலை எங்கே வாங்குவது? பெயர் சொல்லிக் கேட்டால் எந்தக் கடையிலும் கிடைக்காது, அளவு சொல்லிக் கேட்க வேண்டும்: உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு. பேரிங்கும் அப்படித்தான். அதன் முகத்தில் 6203 என்று இருந்தால் உள்ளே 17, வெளியே 40, அகலம் 12 மில்லிமீற்றர். எந்த நாட்டுப் பேரிங்கானாலும் அதே அளவு. தண்ணீர் மோட்டாருக்கு விற்கும் பேரிங் மோட்டார் சைக்கிளுக்குள் போகும். எங்களில் பாதிப் பேர் இத்தனை வருடமும் பேரிங்கைப் பார்த்திருக்கிறோம், அந்த எண்ணைப் படித்ததில்லை.

புறப்படும்போது பதிவுப் புத்தகத்தைக் காட்டினார். பழைய மடிப்புகளில் கிழிந்து, பொலித்தீனுக்குள் பத்திரமாக இருக்கிறது. எஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும் அந்தப் புத்தகத்தோடு பொருந்தாவிட்டால் எவ்வளவு நல்ல வண்டியும் வீதிக்கு வர முடியாது. இடம்பெயர்வுகளில் சனம் இழந்த பொருட்களில் இந்தப் புத்தகங்களும் உண்டு. வண்டி தப்பியும் புத்தகம் இல்லாமல் முற்றத்தில் துருப்பிடித்தவற்றை நான் பார்த்திருக்கிறேன்.

யூலை 20, ஞாயிறு

கச்சான் காற்று. இன்றைய பேச்சு முழுக்க உப்பு. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி, நடுவில் நாங்கள். கம்பி, ரிம், சைலன்சர், தாங்கியின் உட்பக்கம் எல்லாவற்றையும் உப்புக்காற்று தின்கிறது. பாதித் தாங்கி பெற்றோலோடு வண்டியை மழைக்காலம் முழுக்க நிறுத்தினால், வெறுமையாக இருக்கும் மேற்பாதியில் ஈரம் படிந்து துரு உதிரும். அதுதான் காபரேற்றர் ஜெற்றை அடைக்கிறது. நிறுத்தி வைப்பதென்றால் தாங்கியை நிரப்பி வை, அல்லது முற்றாக வடித்து ஒயில் சுழற்றி வை.

பிறகு பேச்சு 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் போனது. இங்குள்ள திருச்செந்தூர், நாவலடிப் பக்கத்து மணலுக்குள்ளிருந்து வண்டிகளை இழுத்தெடுத்த ஒருவர் எங்களோடு இருக்கிறார். அவர் சொன்ன முறை இது: கடல்நீர் புகுந்த எஞ்சினை உதைத்துப் பார்க்கவே கூடாது. முதலில் ஒயிலை வடிக்க வேண்டும். பிளக்கைக் கழற்றி, நல்ல தண்ணீரால் உள்ளும் புறமும் உப்புப் போகும்வரை கழுவ வேண்டும். தண்ணீரை வெளியேற்ற டீசல் அல்லது மண்ணெண்ணெய் ஊற்றிச் சுழற்ற வேண்டும். கடைசியில் புது ஒயில். அலுமினியத்தில் வெள்ளைப் பொடி பூத்துவிட்டால் காலம் கடந்துவிட்டது என்று அர்த்தம். கடல்நீருக்குப் பயந்து நல்ல தண்ணீரையும் ஊற்றாமல் விட்டவர்களின் எஞ்சின்கள் சில நாளில் இறுகிப்போயினவாம். வீட்டில் இழப்பைச் சந்தித்தவர்களுக்காக அந்த நாட்களில் கூலி வாங்காமல் கழுவிக் கொடுத்ததையும் அவர் சொன்னார். பிள்ளைகளைப் பறிகொடுத்தவருக்கு அவருடைய வண்டியாவது மிஞ்சட்டும் என்று நினைத்தாராம். அதற்கு மேல் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை.

ஓகஸ்ட் 15, வெள்ளி

இன்று எங்கள் கூட்டம் இல்லை. ஆனாலும் எழுத வேண்டிய நாள். 1990ஆம் ஆண்டு இதே நாளில், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஒரு தமிழ் இளைஞரோடு இருசக்கர வண்டியில் புறப்பட்ட யேசுசபைத் துறவி அருட்தந்தை யூஜின் ஹேபர்ட் வழியில் காணாமல் போனார். இருவரும் திரும்பவே இல்லை. அமெரிக்காவின் லூயிசியானாவிலிருந்து வந்தவர், புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கியவர், பின்னர் மட்டக்களப்பு ஈஸ்டர்ன் டெக்னிக்கல் இன்ஸ்டிடியூட்டுக்குப் பொறுப்பாக இருந்தவர்.

எங்கள் ஊரில் ஒரு பையனுக்கு அராவியைப் பிடிக்கவும், ஒட்டுவேலை செய்யவும், எஞ்சினைக் கழற்றிப் பூட்டவும் ஒழுங்காகக் கற்றுக் கொடுத்தால் அவன் ஒரு குடும்பத்தைத் தாங்குவான் என்பதை நம்பிய இடம் அந்த இன்ஸ்டிடியூட். பட்டறையில் கற்ற ஒருவர் இன்னொரு பட்டறையில் நான்கு பேருக்குக் கற்பிப்பார். இப்படிப் பெருகும் அறிவுக்கு நடுவே ஓர் ஆசிரியரைப் பிடுங்கி எடுத்தால், அவர் கற்பித்திருக்கக்கூடிய எல்லோரும் சேர்ந்து காணாமல் போகிறார்கள். போர் எங்களிடமிருந்து கொண்டுபோனவற்றின் கணக்கில் இதையும் எழுத வேண்டும்.

ஓகஸ்ட் 31, ஞாயிறு

இன்று ஒரு வாக்குவாதம். கராச் வைத்திருக்கும் அண்ணன் மனதில் கிடந்ததைச் சொல்லிவிட்டார்: "எல்லாத்தையும் இப்பிடிச் சொல்லிக் குடுத்தா எங்கட கராச்சுக்கு ஆர் வாற?" சிலர் அவரைச் சுயநலக்காரர் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்களுக்கு ஞாயிறு பொழுதுபோக்கு, அவருக்கு அது தொழில். முப்பது வருடம் கை சுட்டு, நகம் நசிந்து கற்றதைத் தேத்தண்ணிக்கு வாங்கிக்கொண்டு போகிறோம்.

காக்காவின் பதில் வேறு விதமாக இருந்தது. பொயின்ற் வைக்கத் தெரிந்தவன் வண்டியை விற்கமாட்டான், ஓட்டிக்கொண்டே இருப்பான். ஓடும் வண்டிக்குத்தான் ஒரு நாள் சிலிண்டர் போர் அடிக்கவும் கிராங்க் கட்டவும் வேலை வரும். பழைய வண்டி வீதியை விட்டுப் போனால் எந்தக் கராச்சுக்கும் அந்த வேலை வராது. அண்ணன் இதை ஏற்றார், ஆனாலும் அவர் கேட்டதில் உள்ள நியாயம் அப்படியே இருக்கிறது.

ஆகவே இரண்டு விஷயம் தீர்மானித்தோம். மூத்த மெக்கானிக் ஒருவர் ஞாயிறு காலையில் வந்து கற்றுக் கொடுத்தால், வந்தவர்கள் பங்கு போட்டு அவருக்கு ஒரு நாள் கூலி கொடுக்க வேண்டும். அன்பளிப்பு என்று சொல்லிக் குறைக்கக் கூடாது. அடுத்தது, அவர் செய்வதை ஒருவர் கைப்பேசியில் படம் பிடிக்க, இன்னொருவர் கொப்பியில் எழுத வேண்டும்: எந்த வண்டி, என்ன குறை, எதை முதலில் பார்த்தார், எதை ஏன் பார்க்கவில்லை, என்ன அளவு வைத்தார். அந்த 'ஏன்'தான் முக்கியம். அளவுகள் கைநூலில் கிடைத்துவிடும். எதைத் தொடாமல் விடலாம் என்பது இந்த மனிதர்களிடம் மட்டுமே இருக்கிறது, அவர்களில் பலருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது.

முதல் கூலி மண்டூர்ப் பெரியவருக்கு. விட்வேர்த் ஸ்பனர்கள் ஒவ்வொன்றையும் அளந்து எழுதவும், கிராங்க் சீல் மாற்றுவதைத் தொடக்கம் முதல் முடிவுவரை பார்க்கவும் நேரம் கேட்டிருக்கிறோம். பதினெட்டு, இருபது வயதுப் பொடியன்மார் மூன்று பேரையாவது கூட்டிப்போக வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. மூன்று பேரைத் தேடும் வேலை என்னுடையது.