போதும் டாக்டர்

காலை எட்டு மணி. புதுச்சேரியில் ஒரு கருத்தரிப்பு மையம். நாற்காலிகள் நிரம்பிவிட்டன. சுவரெங்கும் கொழுகொழு குழந்தைகளின் படங்கள். எல்லாக் கண்களும் டோக்கன் எண் ஒளிரும் பலகையில்.

பெண்களின் மடியில் ஃபைல்கள். புதிதாக வந்தவளுடையது மெல்லியது. ஜன்னலோரப் பெண்ணுடையது ரப்பர் பேண்டுக்குள் அடங்கவில்லை. அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும். சங்கிலி இல்லை. பக்கத்தில் கணவன். ஹெல்மெட் வாரை மாட்டுகிறான், கழற்றுகிறான், மாட்டுகிறான்.

புதியவள் கையில் தெர்மாகோல் பெட்டி. உள்ளே ஐஸ் பேக், ஊசி மருந்து.

"பிரிட்ஜ் கதவுல வெக்காதீங்க. உள் தட்டுல வையுங்க" என்கிறாள் ஜன்னலோரப் பெண். "ரெண்டுலேருந்து எட்டு டிகிரி. வயித்துல இடம் மாத்தி மாத்திப் போட்டுக்கணும்."

"உங்களுக்கு எத்தனாவது தடவைக்கா?"

அக்கா ரப்பர் பேண்டைச் சரிசெய்கிறாள்.

அக்காவின் செல்போன் அடிக்கிறது. பெரியம்மா. குரல் வெளியே கேட்கிறது. "டென்ஷன் ஆகாதம்மா. மனசை லேசா வெச்சுக்க. தானா நிக்கும்."

"சரி பெரியம்மா."

அடுத்தது மாமியார். அதே வாக்கியம். "சரி அத்தை." அடுத்தது நாத்தனார். போனைக் கவிழ்த்து வைக்கிறாள்.

2011-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. 14 ஆய்வுகளின் தொகுப்பு, 3,583 பெண்கள். சிகிச்சைக்கு முன்பிருக்கும் மன உளைச்சல் கரு நிற்கும் வாய்ப்பைக் குறைப்பதில்லை என்பது முடிவு. கவிழ்ந்த போன் மேசைமேல் அதிர்கிறது.

டோக்கன் மாறுகிறது. அக்காவும் கணவனும் எழுகிறார்கள்.

டாக்டர் ஃபைலைப் புரட்டுகிறார். ஸ்கேன், பில், ஸ்கேன், பில். இடையிடையே பீட்டா எச்.சி.ஜி. முடிவுகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் இரண்டு வாரக் காத்திருப்பு. எல்லாவற்றிலும் எண் ஐந்துக்குக் கீழே.

"உறைநிலையில இன்னும் ரெண்டு கரு இருக்கே" என்கிறார் டாக்டர். "அடுத்த மாசம் வெச்சுப் பார்க்கலாமா?"

கணவன் மனைவியைப் பார்க்கிறான்.

"போதும் டாக்டர்" என்கிறாள்.

"டயம் எடுத்துக்குங்க."

"எடுத்தாச்சு டாக்டர்." இது கணவன்.

டாக்டர் பேனாவை மூடுகிறார். தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்துகிறார்.

நர்ஸ் படிவம் கொண்டுவருகிறாள். 2021-ஆம் ஆண்டுக் கருத்தரிப்புச் சிகிச்சைச் சட்டப்படி கருவைப் 10 ஆண்டு வரை பாதுகாக்கலாம். கர்ப்பப்பையில் வைக்கும்முன் எப்போது வேண்டுமானாலும் தம்பதி சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். கணவன் உடனே கையெழுத்துப் போடுகிறான். அவள் முதல் வரியிலிருந்து வாசிக்கிறாள். ஓரிடத்தில் விரல் நிற்கிறது. நகர்கிறது. கடைசி வரியில் கையெழுத்து.

வெளியே புதியவள் தலை தூக்கிப் பார்க்கிறாள். "கதவுல வெக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அக்கா படியிறங்குகிறாள்.

நேரு வீதியில் வெயில் ஏறிவிட்டது. சிவப்புத் தொப்பிக் காவலர் கை காட்டுகிறார். ஸ்கூட்டர் பெரிய மார்க்கெட் வாசலில் நிற்கிறது. மீன் வாசம், மல்லிகை வாசம், ஈரத் தரை.

அவள் பப்பாளியை அழுத்திப் பார்க்கிறாள். பழக்காரம்மா கத்தியோடு நிமிர்கிறார்.

"முழுகாம கிழுகாம இல்லியே? சூடு இது."

"இல்லம்மா. குடுங்க."

"பாதியா?"

"முழுசு."

பைக்குள் போன் அடிக்கிறது. எடுக்கிறாள்.

"பெரியம்மா, ட்ரீட்மென்டை நிறுத்திட்டோம்... ரெண்டு பேரும் பேசித்தான்... இல்ல, அழல. மார்க்கெட்ல சத்தம் ஜாஸ்தி. சாயங்காலம் நானே கூப்பிடுறேன்."

கணவன் சில்லறை எண்ணிக் கொடுக்கிறான்.