தீ பார்க்காத மண்

மங்கலம்பேட்டையிலிருந்து கொல்கத்தாவுக்குப் போக முதலில் விருத்தாசலம் பஸ்ஸில் ஏற வேண்டும். விருத்தாசலம் ஜங்ஷனில் எழும்பூர் ரயில். எழும்பூரிலிருந்து சென்ட்ரலுக்கு ஆட்டோ. சென்ட்ரலில் ஹவுரா மெயில். அதற்கப்புறம் இரண்டு இரவு, நடுவில் ஒரு முழுப் பகல். என் பையில் இரண்டு செட் உடுப்பு, அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோறு, வேட்டித் துணியில் சுற்றிய மூன்று பொருள்கள்: ஒரு ஃபியூஸ் கேரியர், கரண்ட் கம்பத்தில் மாட்டும் பீங்கான் ஒன்று, கையளவு கொலு பொம்மை ஒன்று. மூன்றும் எங்கள் கம்பெனியில் சுட்டவை. எடுத்துக் கொடுத்தவர் சூளை மேஸ்திரி. நாற்பது வருஷமாகச் சூளைக்கு முன்னால் நிற்பவர்.

"பெரிய ஊரு தம்பி. நல்லா சுத்திப் பாத்துட்டு வா. வெறுங்கையோட மட்டும் சுத்தாத" என்றார்.

அந்த வார்த்தையின் அர்த்தம் எனக்குக் கொல்கத்தாவில்தான் பிடிபட்டது.

நான் விருத்தாசலம் அரசு பீங்கான் தொழில்நுட்ப நிறுவனத்தில் படித்தவன். படித்துவிட்டு அதே ஊரின் பீங்கான் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்தவன். ஊரை விட்டு நான் போன தூரங்களெல்லாம் சரக்கோடு போனவை, சரக்கை இறக்கியதும் திரும்பியவை. கருத்தரங்கு என்று போனது அதுவே முதல் முறை. ஆகஸ்ட் மாதம், நல்ல மழை.

ஹவுராவில் இறங்கியபோது இன்னும் விடியவில்லை. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் பாலம். 1943-இல் திறந்தது. போல்ட்டும் நட்டும் இல்லாமல் ரிவெட் அடித்தே சேர்த்த 26,500 டன் எஃகு. கீழே மல்லிக் காட் பூச்சந்தையில் செவ்வந்தி மாலைகளைத் தலைச்சுமையாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் பாலத்தைப் படம் எடுத்தார்கள். எனக்கு அந்த எஃகு உருகிய உலை நினைவுக்கு வந்தது. எஃகு உருகும் சூட்டைத் தாங்கி உலையின் உள்சுவராக நிற்பது தீக்கல், அதாவது பீங்கானின் பங்காளி. சேலத்து வெள்ளைக்கல் மேக்னசைட்டும் அப்படித்தான் செங்கல்லாகி உலைக்குள் போகிறது. பாலத்தின் பெருமையில் அந்தக் கல்லுக்கும் பங்கு உண்டு, ஆனால் அது யார் கண்ணிலும் படுவதில்லை. அன்று காலை பாலத்தைக் கடக்கும்போது நான் அதைத்தான் நினைத்துக்கொண்டு நடந்தேன்.

கருத்தரங்கு ஜாதவ்பூரில், மத்தியக் கண்ணாடி பீங்கான் ஆராய்ச்சி நிலையத்தின் வளாகத்தில். 1950-இல் திறக்கப்பட்ட நிலையம். நாட்டுக்கு வேண்டிய ஒளியியல் கண்ணாடியை உள்நாட்டிலேயே வார்க்க வழி செய்த ஆத்மாராம் அதன் இயக்குநராக இருந்தவர். படிக்கிற காலத்தில் புத்தகத்தின் ஓரத்தில் பார்த்த பெயர்கள் இங்கே கட்டடமாக, மரநிழலாக, கேன்டீனாக நின்றன. உள்ளே போகும்போது கோயிலுக்குள் நுழையும் கூச்சம் எனக்கு இருந்தது.

முதல் நாள் பேசியவர்கள் யாரும் மண்ணைப் பற்றிப் பேசவில்லை. இடுப்பெலும்பு மூட்டுக்கு வைக்கும் ஆலுமினா உருண்டையைப் பற்றிப் பேசினார்கள். 1969-இல் அமெரிக்காவில் லாரி ஹென்ச் கண்டுபிடித்த, எலும்போடு ஒட்டிக்கொள்ளும் கண்ணாடியைப் பற்றிப் பேசினார்கள். விண்கலத்தின் வயிற்றில் ஒட்டும் ஓடுகளைப் பற்றிப் பேசினார்கள். கேட்கக் கேட்கப் பெருமையாக இருந்தது. பீங்கான் என்றால் ஊறுகாய் ஜாடி என்று நினைக்கும் உறவுக்காரர்கள் எல்லோரையும் கூட்டிவந்து அந்த அரங்கில் உட்காரவைக்க வேண்டும் போலிருந்தது. கூடவே ஒரு கனமும் இருந்தது. மடியில் வேட்டித் துணியில் சுற்றிய ஃபியூஸ் கேரியர். வீடுகளில் எம்.சி.பி. சுவிட்சு வந்தபின் அதைக் கேட்கிற கடைகள் குறைந்துவிட்டன. அதை மட்டுமே அச்சில் அடித்துப் பிள்ளைகளைப் படிக்கவைத்த பெண்களை எனக்குத் தெரியும். அரங்கத்தில் அவர்களுக்கென்று ஒரு வார்த்தை வராதா என்று சாயங்காலம் வரை காத்திருந்தேன்.

தேநீர் இடைவேளையில் வெளியே வந்தோம். தெருமுனைக் கடையில் மண் குவளையில் டீ. சுட்ட சிவப்பு மண், கிளேஸ் இல்லாதது. உதட்டில் வைத்ததும் ஈர வாசனை. குடித்து முடித்தவர்கள் குவளையைப் பக்கத்துத் தொட்டியில் எறிந்தார்கள், சத்தத்தோடு உடைந்தது. எங்கள் ரயில் நிலையங்களுக்கும் 2004-இல் லாலு பிரசாத் ரயில்வே அமைச்சராக இருந்தபோது இது வந்தது, நிலைக்கவில்லை. கொல்கத்தாவில் அது யாருடைய உத்தரவும் இல்லாமல் வாழ்கிறது. என்னோடு நின்றவர் குர்ஜாவிலிருந்து வந்தவர், உத்தரப்பிரதேசத்தின் பீங்கான் ஊர் அது. அவரும் எறிந்துவிட்டு, "மண்ணிலிருந்து வந்தது, மண்ணுக்கே போகிறது, பாய்" என்றார்.

எனக்கு என் குவளையை எறிய மனம் வரவில்லை. அவர் சொன்னது சரியில்லை என்றும் பட்டது. பீங்கான்காரர் இருவருக்கும் தெரிந்த விஷயம்தான்: மண் சூளைக்குள் ஏறும்போது ஐந்நூறு, அறுநூறு டிகிரி வாக்கில் அதன் உடம்போடு பிணைந்த நீர் வெளியேறிவிடுகிறது. ஈரம் காய்வது வேறு, இது வேறு. காய்ந்த மண்ணில் தண்ணீர் ஊற்றினால் குழைகிறது. உள்நீரை இழந்த மண்ணை ஒரு வருஷம் ஊறவைத்தாலும் அது ஓடாகவே கிடக்கும். எங்கள் மேஸ்திரி இதை, 'தீ பாத்த மண்ணு திரும்பாது' என்பார். ஆதிச்சநல்லூர்த் தாழிகள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்ததும், கீழடியில் கூடை கூடையாகப் பானையோடு கிடைத்ததும் அதனால்தான். எறிந்த குவளை மண்ணாகாது. சில்லாகக் கிடந்து, நம்மைத் தோண்டுகிறவர்களுக்குக் கிடைக்கும். குர்ஜாக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, தொட்டியை இன்னொரு தடவை எட்டிப் பார்த்தார்.

இரண்டாம் நாள் மத்தியானம் எங்களை பஸ்ஸில் ஏற்றி ஊர் காட்டினார்கள். விக்டோரியா மெமோரியல், மைதானம், ஆற்றங்கரை. நான் மைதானத்தோடு இறங்கிக்கொண்டேன். நடந்தால்தான் ஊர் கைக்கு வரும். சௌரங்கியில், 1814-இல் தொடங்கிய இந்திய அருங்காட்சியகத்துக்குப் போனேன். சிந்துவெளிப் பானைகளின் முன் ஒரு மணி நேரம் நின்றேன். சிவப்புடம்பில் கறுப்புக் கோடு. கழுத்துப் பகுதியில் சக்கரத்தில் விரல் அழுந்திய வரி அப்படியே இருந்தது. நாலாயிரம் வருஷத்துக்கு மேலான விரல்.

அதன்பின் வடக்கே பழைய தெருக்களில் நடந்தேன். கொல்கத்தா ட்ராம் 1873-இல் குதிரை இழுத்துத் தொடங்கி, 1902-இல் மின்சாரத்துக்கு மாறியது. இப்போது பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. நடக்கும்போது மற்றவர்கள் கடைகளைப் பார்த்தார்கள், நான் அண்ணாந்து கம்பிகளைத் தாங்கும் முளைகளைப் பார்த்தேன். பழைய கட்டடங்களின் மாடிப்படிக்குக் கீழே எட்டிப் பார்த்தால் மரப்பலகையில் வரிசையாகப் பீங்கான் ஃபியூஸ்கள், தூசி படிந்து, இன்னும் வேலை செய்துகொண்டு. ஒரு வீட்டு வாசலில் நின்று பையிலிருந்த எங்கள் கேரியரை எடுத்துப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். அளவு ஒன்றுதான். உள்ளேயிருந்து வந்த ஒரு பெரியவர் என்ன என்று சைகையில் கேட்டார். கேரியரை அவர் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அதே பலகையில் விளிம்பு உடைந்திருந்த ஒன்றைக் காட்டினார். எங்கள் கேரியரை அவருக்கே கொடுத்துவிட்டு வந்தேன். கருத்தரங்குக்கு நான் கொண்டுபோன ஆய்வுரை அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

இந்த ஊரில் பீங்கானுக்குப் பழைய வேர் உண்டு. ஜப்பான் போய்ப் படித்துத் திரும்பிய சத்யசுந்தர் தேவ் கல்கத்தா பாட்டரி ஒர்க்ஸில் தொழிலை நிலைநிறுத்தினார். அதுதான் பின்னால் பெங்கால் பாட்டரீஸ் ஆயிற்று. ஒரு காலத்தில் நாடெங்கும் அதன் தட்டும் கோப்பையும் போயின. இன்று அந்த ஆலை இல்லை. ஒரு ஊர் தன் தொழிலை இழந்தபின்னும் ஊராக இருக்கிறது என்பது ஆறுதலா, பயமா? விருத்தாசலத்தை நினைத்தபடி அதை எனக்குள் கேட்டுக்கொண்டு நடந்தேன். பதில் வரவில்லை.

மூன்றாம் நாள் ரயில் இரவில். காலையில் மெட்ரோ பிடித்து சோபாபஜாரில் இறங்கினேன். அங்கிருந்து நடந்தால் குமார்டுலி, குயவர் குடியிருப்பு. சந்து முழுக்க துர்கைகள். தலையில்லாத துர்கை, கையில்லாத துர்கை, வைக்கோல் மட்டுமாக நிற்கும் சிங்கம். 2021-இல் யுனெஸ்கோ கொல்கத்தாவின் துர்கா பூஜையைத் தன் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பெருமை வந்து விழுகிற இடம் இந்தத் தார்ப்பாய்க் கூரைகளின் அடியில்தான். மூங்கில் சட்டம், அதன்மேல் சணல் கயிற்றால் கட்டிய வைக்கோல் உடம்பு, அதன்மேல் உமி கலந்த களிமண், அது காய்ந்து வெடித்தபின் மேலே நைசான மண் பூச்சு, ஈரத்துணியால் நீவி வெடிப்பு அடைப்பது. உமி சேர்ப்பதைப் பார்த்ததும் எங்கள் பாட்டி அடுப்புப் போட மண் மிதிப்பது கண்முன் வந்தது. காயும்போது மண் சுருங்கும், உமி அந்த இழுவையை வாங்கிக்கொள்ளும். பாட்டிக்கு இதை யாரும் பாடமாகச் சொல்லவில்லை.

மழைக்காலமாதலால் ஒரு கூடத்தில் சிலையின் தோளில் நீலத்தீ காட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பதறிவிட்டது. சுடுகிறார்களா? இல்லை. ஈரத்தை விரட்ட மட்டும். கையை வைத்து வைத்துப் பார்த்து, சூடு ஏறினால் தீயை விலக்கிக்கொள்கிறார்கள். மண்ணின் உள்நீருக்குப் பக்கத்தில்கூடத் தீயை விடுவதில்லை. ஏனென்றால் இந்த உடம்பு பத்தாம் நாள் ஆற்றில் கரைய வேண்டும். கரைந்தபின் சட்டம் மட்டும் கரைக்கு வரும், அடுத்த வருஷம் அதே சட்டத்தில் புது வைக்கோல் கட்டுவார்கள்.

நின்று பார்த்துக்கொண்டிருந்த என் கை தன்னால் போய்க் குவியலிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துவிட்டது. விரல்களுக்கிடையில் தேய்த்தேன். கயிறாக உருட்டி விரலைச் சுற்றி வளைத்தேன். வெடிக்கவில்லை. நல்ல பசை, கொஞ்சம் மணல். வேலை செய்துகொண்டிருந்த கைவினைஞர் நிறுத்திவிட்டு என் விரலையே பார்த்தார். என்னைவிட இருபது வயது மூத்தவர் இருப்பார். வங்காளத்தில் ஏதோ கேட்டார். எனக்குப் புரியவில்லை, ஆனால் கேள்வி தெரிந்தது. பையைத் திறந்து கொலு பொம்மையைக் கொடுத்தேன். நகத்தால் அதைத் தட்டினார். கணீரென்றது. பக்கத்திலிருந்தவர்களைக் கூப்பிட்டு, அவர்கள் காதருகில் மறுபடி தட்டிக் காட்டினார். பிறகு, தன் பக்கத்திலிருந்த மண்ணில் ஒரு பெரிய உருண்டை பிடித்து, ஈரச் சாக்கில் சுற்றி, செய்தித்தாளில் கட்டி என் கையில் வைத்தார். பொம்மையைத் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தத் தெருவைவிட்டு வரும்போது ஒன்று உறுத்தியது. படிப்பிலும் வேலையிலும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் மண்ணை எப்படித் திரும்பாமல் செய்வது என்பதுதான். வெடிக்காமல், வளையாமல், மின்சாரம் ஏறாமல், மழைக்கு அசையாமல். அது பெரிய வித்தை, அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் மங்கலம்பேட்டையில் சின்ன வயதில் ஏரிக் களிமண்ணில் பிள்ளையார் பிடித்து, எருக்கம்பூ மாலை போட்டு, மூன்றாம் நாள் கிணற்றில் விட்டதும் மண் வேலைதானே? பீங்கான் படித்தபின் அதை வேலை என்று எண்ணவே மறந்திருந்தேன். சுடாத மண்ணைப் பாதியில் நின்ற மண் என்று பார்க்கப் பழகியிருந்தேன். குமார்டுலியில் அது பாதியில் நிற்கவில்லை, முழுமையாகத்தான் நின்றது.

ரயிலுக்கு முன் லேக் மார்க்கெட் பக்கம் போய் இட்லி சாப்பிட்டேன். வாழையிலையும் முருங்கைக்காயும் காபித்தூளும் விற்கிற சந்து அது. பரிமாறியவர் "எந்த ஊரு தம்பி?" என்றார். விருத்தாசலம் பக்கம் என்றதும் "பழமலைநாதர் கோயிலா" என்று கேட்டு இன்னொரு கரண்டி சட்னி ஊற்றினார்.

ஊருக்கு வந்ததும் மேஸ்திரியிடம் உருண்டையைக் காட்டினேன். முகர்ந்து பார்த்தார், பிட்டுப் பார்த்தார். "ஆத்து மண்ணு. நம்ம சூட்டுக்கு நிக்காது" என்றார். இரும்புச் சத்து நிறைய உள்ள மண். எங்கள் சூளையோ 1,250 டிகிரிக்கு ஏறுவது. இருந்தாலும் ஒரு சிட்டிகை எடுத்து வில்லையாகத் தட்டி, ஃபியூஸ் கேரியர் அடுக்கின் ஓரத்தில் வைத்தோம். சூளை ஆறித் திறந்தபோது கேரியர்கள் வெள்ளைவெளேரென்று நின்றன. கங்கை மண் கறுத்து, உப்பி, கண்ணாடி மாதிரி உருகித் தட்டோடு ஒட்டியிருந்தது. மேஸ்திரி அதை உளியால் பெயர்த்தெடுத்துவிட்டு, "மிச்சத்தக் கொஞ்சம் சூட்டக் கொறச்சு சுட்டுப் பாக்கலாமா தம்பி?" என்றார்.

வேண்டாம் அண்ணே என்றேன்.

அது வீட்டில் ஜன்னல் திட்டில் இருக்கிறது. வெயில் நாளில் வெடித்துப் பாளம் பாளமாகிவிடும். என் பெண் அதில் தண்ணீர் தெளித்து ஈரத்துணி போட்டு மூடிவைப்பாள். மறுநாள் காலையில் துணியை எடுத்தால் குழைந்திருக்கிறது.